புற்றைப் பார்த்துக் கட்டுவதும் புற்றை இடித்துக் கட்டுவதும்

இயற்கையைப் பார்த்துச் செய்த எதுவும் இயற்கைக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்றொரு நம்பிக்கை படித்தவர்கள் நடுவில் வேர்பிடித்துவிட்டது. இயற்கையைப் பார்த்து வடிவமைப்பதைக் குறிக்கும் பயோமிமிக்ரி என்ற சொல் கட்டடக்கலைக் கல்லூரிகளைத் தாண்டி இப்போது பள்ளி அறிவியல் கண்காட்சிவரை வந்துவிட்டது. மீன்கொத்தியின் அலகைப் பார்த்து முகப்பை மாற்றிக்கொண்ட ஜப்பான் புல்லட் ரயில், நாயின் முடியில் ஒட்டிய முள்காயைப் பார்த்துப் பிறந்த வெல்க்ரோ, கறையான் புற்றைப் பார்த்து ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் கட்டிய கட்டடம். இந்த மூன்றும் இல்லாத உரையை நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டுவிட்டு வெளியே வருகிற எவருக்கும் மனம் லேசாகிவிடும். விடையெல்லாம் ஏற்கெனவே காட்டில் இருக்கிறது, போய் எடுத்துவந்தால் போதும் என்று தோன்றிவிடும். கட்டடக்கலை மாணவர்களுக்கு வெயிலையும் காற்றையும் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான். எனக்கு உறுத்துவது அந்த லேசான மனம்தான். முள்காய் உதிர்ந்த இடத்திலேயே மக்கிப் போகும். வெல்க்ரோ நைலான், பெட்ரோலியத்திலிருந்து வந்தது, எங்கும் மக்காது. கொக்கியின் வடிவத்தை எடுத்துக்கொண்டோம், அந்தக் கொக்கி எப்படி உண்டானது, உதிர்ந்தபின் என்ன ஆனது என்பதையெல்லாம் செடியிடமே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

சென்னையில் காலநிலைக்காக வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் இதைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். கல்லூரி முதலாண்டிலிருந்து, வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள்வரை இருந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், கடலூரிலிருந்து வந்தவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தவர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள். இவர்களுக்குப் போய் அழகான படங்களைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது அவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்துவதாகும் என்று நினைத்தேன். இவர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தும்படி பயோமிமிக்ரியில் ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் போனேன். கோயில் வாசலில் தாமரை விற்கிறவரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, நீளமான தண்டோடு நான்கைந்து தாமரை இலைகளையும் வாங்கிக்கொண்டேன்.

தண்டில் ஊதினால்

தாமரை இலைத் தண்ணீர் போல என்று நாம் சொல்லிப் பழகிய காட்சியை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களிலிருந்தே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவந்தார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இலை உண்மையில் சொரசொரப்பானது. கோடிக்கணக்கான நுண்மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் மெழுகுப் படிகங்கள். நீர்த்துளி இலையைத் தொடுவதைவிடப் பெரும்பாலும் காற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் உருளுகிறது, உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. 1997இல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் இதை விரிவான கட்டுரையாக எழுதினார்கள். 1999இல் மழையிலேயே தன்னைக் கழுவிக்கொள்ளும் சுவர்ப் பெயின்ட் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. இதுவரை எல்லோரும் சொல்வது. நானும் சொல்லிவிட்டு, ஒரு பையனைக் கூப்பிட்டு இலையின் நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன். தண்டை வாயில் வைத்து ஊதச் சொன்னேன்.

தாமரைத் தண்டை ஒடித்தால் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் இழுபடும். வெட்டுவாயில் சின்னதும் பெரியதுமாகத் துளைகள் தெரியும். வெளித்தோலில் பொடிப்பொடியான முட்கள் உதட்டில் குத்தும். அதைப் பொறுத்துக்கொண்டு அவன் ஊதினான். இலையின் நடுவே வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது பாருங்கள், நரம்புகள் எல்லாம் வந்து சேருமிடம், அதன்மேல் தேங்கிய தண்ணீரில் குமிழ்குமிழாக எழும்பிற்று. பின்வரிசையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஊதிப் பார்த்தார்கள். தாமரையின் கிழங்கு காற்றே புகாத சேற்றில் கிடக்கிறது. அதற்கு ஆக்சிஜன் மேலிருந்து போயாக வேண்டும். வெயிலில் இலைக்குள் இருக்கும் காற்று வெளியே இருப்பதைவிடச் சூடாகவும் ஈரமாகவும் ஆகும்போது உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைத் தண்டின் துளைகள் வழியாகக் கிழங்குவரை தள்ளி, இன்னொரு பாதையில் வெளியே விடுகிறது. மோட்டார் கிடையாது. சதுப்பில் வளரும் சம்பும் இதே போலத்தான் தன் வேர்க்கிழங்குக்குக் காற்று அனுப்புகிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். உலகம் தாமரையின் மேல்தோலை மட்டும் பார்த்தது. தண்ணீர் ஒட்டாத துணி, தண்ணீர் ஒட்டாத ஸ்ப்ரே என்று சந்தைக்கு வந்தவற்றில் பல, ஃப்ளூரின் கலந்த பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களால் ஆனவை. மண்ணிலும் நீரிலும் நம் ரத்தத்திலும் சேர்ந்து, சிதையாமல் கிடப்பவை. தாமரை அதே வேலையை வெறும் மெழுகால் செய்கிறது. உலை இல்லாமல், குளத்து வெதுவெதுப்பிலேயே அந்த மெழுகைத் தயாரிக்கிறது. இலை பழுத்ததும் குளத்திலேயே கரைந்து அடுத்த இலைக்கு உரமாகிவிடுகிறது. 1997இல் பயோமிமிக்ரி என்ற சொல்லைப் பரவலாக்கிய அமெரிக்க எழுத்தாளர் ஜானைன் பென்யஸ் ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களைச் சேர்த்துத்தான் சொன்னார்: இயற்கை நமக்கு மாதிரி, இயற்கை நமக்கு அளவுகோல், இயற்கை நமக்கு ஆசான். நிறுவனங்களுக்கு முதலாவது மட்டும் வேண்டியிருந்தது. மாதிரியை எடுத்துக்கொண்டு அளவுகோலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சுறாவின் தோலைப் போல நுண்வரிகள் கொண்ட படலத்தை விமானத்தின்மேல் ஒட்டுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. எரிபொருள் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, சரக்கு விமானங்களில் ஏற்கெனவே ஒட்டிப் பறக்கிறார்கள். "ஒரு பர்சன்ட் மிச்சம் பண்ணி, அந்தக் காசுல இன்னும் ரெண்டு ஃபிளைட் விடுவாங்கல்ல?" என்றான் எண்ணூர்ப் பையன் ஒருவன். விடுவார்கள். அதில் விவாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனேன்.

அந்தக் கேள்வி

அடுத்த படம் ஹராரேயின் ஈஸ்ட்கேட் சென்டர். கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறந்த கட்டடம். வழக்கமான பெரிய ஏசி இயந்திரங்கள் இல்லாமலேயே அலுவலகங்களும் கடைகளும் இயங்குகின்றன. இரவின் குளிர்காற்றை விசிறிகள் இழுத்து, கனத்த கான்கிரீட் தளங்களின் ஊடாக அனுப்புகின்றன. கட்டடம் இரவில் குளிர்ந்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. கறையான் புற்றிலிருந்து கிடைத்த யோசனை என்பதுதான் இதன் புகழ். இதைச் சென்னையில் அப்படியே கட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் எப்படிக் கொளுத்தினாலும் இரவு குளிர்ந்துவிடும். நம் ஊரில் மே மாதத்து நள்ளிரவில் மொட்டைமாடியில் படுத்தவர்களுக்குத் தெரியும், இங்கே கடன் வாங்கக் குளிர்ந்த இரவே கிடையாது. ஹராரேப் புற்றிடம் ஹராரேக்கான விடைதான் இருக்கும்.

அப்போதுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். விலங்கியல் படிக்கிறவள், வீடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில். "அக்கா, புத்தைப் பாத்துக் கட்டடம் கட்டுறாங்கன்னு சொல்றீங்க. எங்க தெரு முனைல ஒரு புத்து இருந்துச்சு. ஆடி மாசம் எங்க ஆயா பால் ஊத்தும். அத இடிச்சிட்டுத்தான் அங்க அபார்ட்மென்ட் வருது. அந்த அபார்ட்மென்ட் விளம்பரத்துலயும் நேச்சர் இன்ஸ்பயர்டுன்னுதான் போட்டிருக்காங்க. அப்ப நாங்க என்ன பண்றது?"

கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. உண்மையிலேயே என்ன செய்வதென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அரங்கில் யாரும் பேசவில்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல என்பார்கள். அந்தப் பழமொழியில்கூடப் புற்று இடிபடுவதில்லை. பாம்புக்கும் புற்று வேண்டும். இங்கே புற்றின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புற்றைத் தூர்த்துவிடுகிறார்கள்.

என் அடுத்த படம் தற்செயலாக அவள் கேள்விக்குப் பாதி பதிலாக அமைந்தது. ஈஸ்ட்கேட்டைக் கட்டிய காலத்தில் புற்றைப் பற்றி இருந்த விளக்கம் 1961இல் மார்ட்டின் லூஷர் சொன்னது: கூட்டின் சூடு புகைபோக்கியில் போல மேலேறி வெளியேறும், கீழிருந்து புதுக்காற்று வரும், கூடு குளிர்ச்சியாக இருக்கும். 2008இல் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் இதை மறுத்து எழுதினார்கள். கூட்டின் வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையோடுதான் போகிறது. புற்றின் முக்கிய வேலை குளிரூட்டுவது அல்ல, மூச்சுவிடுவது என்றார்கள். 2015இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, எல். மகாதேவன் மூவரும் தென்னிந்தியாவில், பெங்களூரில், ஓடன்டோடெர்மஸ் ஒபேசஸ் கறையான் கட்டிய புற்றுகளுக்குள் நுண்ணிய கருவிகளைச் செருகிக் காற்றோட்டத்தை அளந்தார்கள். நம் வயலோரத்திலும் கோயில் வேம்பின் அடியிலும் மடிப்புமடிப்பாக எழுந்து நிற்கிற அதே புற்று. மழைக்குப் பின் புற்றுக்காளான் பறிப்பதும் ஈசல் பிடிப்பதும் இந்த மாதிரிப் புற்றுகளில்தான். பகலில் வெளிமடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன, காற்று அவற்றின் வழியே மேலேறி நடுவே இறங்குகிறது. இரவில் மடிப்புகள் முதலில் குளிர்கின்றன, ஓட்டம் தலைகீழாகத் திரும்புகிறது. பகலெல்லாம் சேரும் கரியமில வாயுவை இரவு ஓட்டம் வெளியே கொண்டுபோகிறது. வாசலோ ஜன்னலோ இல்லாத மண்சுவர், அதன் நுண்துளைகள் வழியாகவே வாயு வெளியேறுகிறது. பகலும் இரவும் மாறி மாறி வருவதையே எந்திரமாக வைத்துக்கொண்டு ஒரு மண்குவியல் மூச்சுவிடுகிறது.

ஈஸ்ட்கேட் நன்றாக வேலை செய்கிற கட்டடம்தான். ஆனால் எந்தப் புற்றைப் பார்த்துக் கட்டினார்களோ அந்தப் புற்றைப் பற்றிய விளக்கம் பிற்பாடு மாறிவிட்டது. மாற்றியது யார்? நின்றுகொண்டிருந்த, உயிரோடிருந்த புற்றுகள். "அந்தப் புற்றுகளை இடித்திருந்தால் தவறான பாடமே நமக்கு நிலைத்திருக்கும். நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை. அதனால் உன் தெருமுனைப் புற்று இருந்திருக்க வேண்டும்" என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "அது சயின்டிஸ்டுக்கு சரி அக்கா. கோர்ட்ல போய் நாங்க அதச் சொல்ல முடியாதுல்ல" என்றாள்.

லவாசா

இந்தப் பாடத்தை எங்கே எடுத்தாலும் லவாசாவைச் சொல்லாமல் விடுவதில்லை, அன்றும் சொன்னேன். புனேவுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில், வரஸ்காவ் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி எழுந்த மலை நகரம். பயோமிமிக்ரியை ஒரு முழு நகரத்துக்கே பொருத்திய திட்டம் என்று உலகக் கருத்தரங்குகளில் கொண்டாடப்பட்டது. வடிவமைப்பாளர்கள் உண்மையிலேயே அந்த இடத்துக் காட்டைப் படித்தார்கள். மூன்று நான்கு மாதம் கொட்டித் தீர்க்கும் மழை, பிறகு நீண்ட வறட்சி. இரண்டையும் ஈர இலையுதிர் காடு எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டார்கள். ஆலிலையின் கூர்நுனி நீரை வடிய விடுவதைப் பார்த்துக் கூரை ஓட்டுக்கு யோசனை எடுத்தார்கள். அறுவடை எறும்புகள் தங்கள் புற்றைச் சுற்றி வெள்ளத்தைத் திருப்பிவிடுவதைப் பார்த்து வடிகால் யோசனை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான். ஆனால் 2010 நவம்பரில், சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் கட்டுமானம் நடக்கிறது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது. மலைச்சரிவுகள் வெட்டப்பட்டிருந்தன. ஓராண்டு கழித்து நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. 2018இல் கடன் தீர்க்க முடியாமல் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று.

காட்டைப் படித்துவிட்டு அந்தக் காட்டு மலையையே வெட்டுவது எப்படி ஒரே திட்டத்தில் சாத்தியமாகிறது? படித்தவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, நகரத்தை எப்படிக் கட்டலாம் என்பது. இங்கே கட்டலாமா என்பது அல்ல. அளவுகோலை எடுத்து முதலிலேயே வைத்திருந்தால் இரண்டாவது கேள்வி தானாக வந்திருக்கும். காடு இந்தச் சரிவில் எவ்வளவு மழையைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவு மண்ணைக் கட்டிப்போடுகிறது என்று எண்ணால் எழுதி, நகரம் அந்த எண்ணை எட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டால், சில சரிவுகளில் எந்தக் கட்டடமும் எட்ட முடியாது என்பது தெரிந்துபோகும். பென்யஸ் பின்னாளில் வலியுறுத்தி வருவதும் இதுதான்: பக்கத்துக் காடு செய்கிற வேலையை ஒரு நகரம் செய்ய வேண்டும், அந்தக் காட்டின் அளவுக்கே செய்ய வேண்டும்.

போர்டில் ஒரு கணக்கு

கோர்ட்டில் சொல்ல முடியாது என்றாளே, அதற்கு என்னிடம் இருந்த பதில் இதுதான். போர்டுக்குப் போனோம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை, வடகிழக்குப் பருவத்தில் சென்னைக்கு அது அதிசயமில்லை. பெருக்கிப் பார்த்தால் 4 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் சொன்னால் 34 லாரி, ஒரு ஏக்கருக்கு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழைக்கு அதே ஏக்கரில் 20 லட்சம் லிட்டர், 165 லாரி. இந்த எண்ணைக் கேட்டதும் அந்தப் பெண் தன் செல்போனில் மறுபடி பெருக்கிப் பார்த்து, சரியாகத்தான் வருகிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள்.

சதுப்புநிலத்தில் அந்தத் தண்ணீர் கோரைக்கும் சம்புக்கும் இடையில் பரந்து நின்று, மெதுவாக ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். தென்சென்னையின் பல ஏரிகளின் மிகைநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. ஒரு காலத்தில் 5000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணக்கு. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு 1247 ஹெக்டேர். அதன் விளிம்பில் ஐந்து ஏக்கரில் ஒரு குடியிருப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டோம். 100 மில்லிமீட்டர் மழைக்கு அந்த ஐந்து ஏக்கர் பிடிக்க வேண்டியது 20 லட்சம் லிட்டர். திட்ட அறிக்கையில் மழைநீர் சேகரிப்புக் குழிகள் 50 என்று போட்டிருந்தால், மூன்றடி விட்டம், பத்தடி ஆழக் குழி ஒன்று ஏறக்குறைய 2000 லிட்டர் கொள்ளும். ஐம்பதும் சேர்ந்து 1 லட்சம். அதிலும் குழிக்குள் ஜல்லி நிரப்பினால் கொள்ளளவு இன்னும் குறையும். சதுப்பு விளிம்பில் மண் களிமண், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். குழியில் இறங்கும் நீர் போக இடமிருக்காது. மிச்சம் 19 லட்சம் லிட்டர் எங்கே போகும்? கட்டுகிறவர்கள் நிலத்தை மண்கொட்டி உயர்த்திவிடுவார்கள். தண்ணீர் தாழ்ந்த பக்கம் போகும்.

"எங்க தெருவுக்கு" என்றாள்.

அந்த உரையில் நடந்த மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அதுவரை அவர்கள் சதுப்பைப் பற்றிப் பேசும்போது பூநாரை, நீலத் தாழைக்கோழி என்று பறவைகளைச் சொன்னார்கள். அது நியாயம், நானும் அந்தப் பறவைகளுக்காகத்தான் விடிகாலையில் அங்கே போகிறவள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பறவையை அழகு என்று ஒத்துக்கொண்டு, வளாகத்தில் ஒரு சின்னக் குளம் வெட்டித் தருகிறேன் என்று முடித்துவிடுவார். 19 லட்சம் லிட்டருக்கு அவர் ஒரு பதில் எழுதியாக வேண்டும். நிலம் தான் செய்துவந்த வேலையை எண்ணாகப் பேசத் தொடங்கும்போது, விளம்பரத்தில் இருக்கும் இலைப் படத்துக்கு வேலையில்லாமல் போகிறது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. அனல்மின் நிலையத்துக்கு இருக்கும் மேடை அபார்ட்மென்டுக்கு இல்லை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் காகிதம்தான் களம். திட்ட ஆவணங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். படித்து, எண்ணை எண்ணால் எதிர்கொண்டு எழுத வேண்டும். சென்னையிலேயே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே வெறும் நன்மொழி நிற்காது, இந்தக் கணக்கு நிற்கும்.

ஒரு மரத்திடம் ஒரு வேலை மட்டும்

கடலூர்ப் பையன் ஒருவன் பிச்சாவரத்தைப் பற்றிக் கேட்டான். அலையாத்தி மரம் உப்பை வடிகட்டுகிறதே, அதைப் பார்த்துக் கடல்நீரைக் குடிநீராக்க முடியாதா என்று. ஆய்வகங்களில் முயல்கிறார்கள். சுரபுன்னையின் வேர் கடல்நீரின் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. 1965இல் பெர் ஸ்கோலாண்டர் அளந்து காட்டியபடி, கடலோர மரங்களின் நீர்க்குழாய்களில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 35 முதல் 60 மடங்குவரை இழுவிசை இருக்கிறது. இலையிலிருந்து வெயில் நீரை ஆவியாக்க ஆக்க, மேலிருந்து இழுப்பு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அதே அளவிலான அழுத்தத்தை மின்சாரப் பம்புகளால் கீழிருந்து தள்ளித்தான் நன்னீர் எடுக்கிறோம். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் நடுவில் ஒரு மின்கட்டணம் இருக்கிறது.

இதில் எனக்குள்ள வருத்தத்தையும் அவனிடம் சொன்னேன். சுரபுன்னை உப்பை மட்டும் வடிகட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதே வேர்களில் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன, சேறு நிற்கிறது, 2004இல் சுனாமி வந்தபோது பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்ததற்கு அந்தக் காடும் காரணம் என்று பின்னர் எழுதினார்கள். நாம் மரத்திடம் போய் ஒரே ஒரு வேலையைக் கழற்றி எடுத்து, ஒரு சவ்வாக்கி, காப்புரிமை வாங்கிவிடுகிறோம். சவ்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சவ்வு வந்த பிறகு மரம் எதற்கு என்று ஒருவன் கேட்பானே, அவனுக்குத்தான் இப்போதே பதில் தயாராக இருக்க வேண்டும்.

நம் முன்னோர்கள் ஏரி வெட்டியபோதே இதையெல்லாம் செய்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னார். இந்த மாதிரிக் கூட்டங்களில் இது வராமல் இருக்காது, எனக்கு அதில் முழு உடன்பாடும் இல்லை. ஏரியின் பெருமை பழமையில் இல்லை. எத்தனை அடி நின்றால் கலங்கல் வழியே வழியும், எந்த மதகு எத்தனை வயலுக்குப் பாயும், மிஞ்சியது எந்த ஏரிக்குப் போகும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. யாராவது அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை இருந்தால் அது நம் மரபு, இல்லையென்றால் வெறும் பேச்சு.

கூட்டம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவர்கள் ஒரு அட்டவணை அனுப்பினார்கள். சதுப்பின் ஒரு பக்கத்தில் அனுமதி கேட்டிருக்கும் திட்டங்கள், பரப்பு, 100 மில்லிமீட்டருக்கு எவ்வளவு, 490 மில்லிமீட்டருக்கு எவ்வளவு, ஆவணத்தில் காட்டியிருக்கும் குழிகள் எவ்வளவு கொள்ளும் என்று கட்டம் கட்டமாக. இரண்டு இடத்தில் பெருக்கல் பிழை, அதைத் திருத்தி அனுப்பினேன். அதைவிட முக்கியமான ஒன்றையும் எழுதினேன். நிலம் காலியாக இருந்தால் பெய்த மழை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் சதுப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும். அப்போது அதே ஏக்கர் பிடிப்பது மிகக் குறைவு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான். மழைக்கு முந்தைய நாள் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பது தெரிய வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்கு இல்லை, பல வருடங்களுக்கு.

அந்த விலங்கியல் மாணவிதான் பதில் எழுதினாள். சாலைப் பாலம் ஒன்றின் செங்கல் தூண் தண்ணீருக்குள் இறங்குகிறதாம். ஒரு செங்கல் வரிசை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்துவிட்டார்களாம். ஞாயிறுதோறும் அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்து, எத்தனை வரிசை மூழ்கியிருக்கிறது என்று தேதியோடு எழுதிவருகிறார்கள். ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறார்கள். தூணின் அடிப்பாகத்தில் பாசி மறைத்த வரிசைகளை எப்படி எண்ணுவது என்று கேட்டிருக்கிறாள். கோடையில் நீர் வற்றியதும் கீழிருந்து எண்ணி வண்ணத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.